ஏடிவி ஏற்றிச் செல்ல ட்ரெய்லர் தேர்ந்தெடுப்பது எப்படி? எடைக் கணக்கு முதல் முதல் ஓட்டம் வரை

ஏடிவி என்றால் மண் பாதையிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டும் நாலு சக்கர வண்டி. அதை ஏற்றிச் செல்ல ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில் ரெண்டு வண்டி நிற்குமா?" நிற்கும். ஆனால் தளத்தில் இடம் இருப்பதும், அந்தச் சுமையை ட்ரெய்லர் தாங்குவதும், அதை உங்கள் கார் இழுப்பதும் மூன்று தனித்தனி விஷயங்கள். புதியவர்கள் நீளத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, எடையைப் பிறகு யோசிக்கிறார்கள். அப்புறம் ஒன்று ட்ரெய்லரை மாற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் இழுக்கும் வண்டியை.

எனவே எடை முதலில், இழுக்கும் வண்டியின் எல்லை இரண்டாவது, அளவு மூன்றாவது, எந்த வகை என்பது நான்காவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு அளவு நாடா, ஏடிவியின் கையேடு, இழுக்கும் வண்டியின் கையேடு, ஒரு தாள். இவை போதும்.

இழுக்கும் வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை விவர ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஏற்கெனவே ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்டும் அமைப்பு, பொருத்தியிருந்தால் அதன் மேல் உள்ள தகட்டையும் படம் எடுங்கள்.

ட்ரெய்லரை நிறுத்தப்போகும் இடத்தையும் அளந்துவிடுங்கள். விளம்பரத்தில் போடுவது தளத்தின் நீளம் மட்டும்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுகம்பியைச் சேர்த்தால் மொத்த நீளம் இன்னும் 1 மீட்டருக்கு மேல் கூடும். வாங்கி வந்தபின் கேட்டை மூட முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. ஏடிவியின் உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

கையேட்டில் பெரிய எழுத்தில் போடும் எடை பல நேரம் வெற்று எடை. அதாவது பெட்ரோல், ஆயில், கூலண்ட் எதுவும் இல்லாத எடை. நீங்கள் ஏற்றப்போவது அந்த வண்டியை அல்ல.

ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.75 கிலோ. 20 லிட்டர் டேங்க் என்றால் 15 கிலோ. அதோடு வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து மீட்கும் வடச் சுருள்), முன்னும் பின்னும் கம்பிக் காப்பு, சாமான் பெட்டி, பெரிய டயர் என்று நீங்கள் பொருத்தியவற்றையும் கூட்டுங்கள். வின்ச்சும் கம்பிக் காப்பும் மட்டுமே எளிதாக 30 கிலோவைத் தாண்டும்.

தோராயமாகத் தெரிந்துகொள்ள: சிறுவர்கள் ஓட்டும் சிறிய ஏடிவி 100 முதல் 150 கிலோ. ஸ்போர்ட் வகை 170 முதல் 200 கிலோ. வேலைக்கான 4×4 வகை 300 முதல் 400 கிலோ. ஸ்டியரிங்கும் பக்கத்து இருக்கையும் உள்ள சைடு-பை-சைடு வகை 500 கிலோவில் தொடங்கி 900 கிலோ வரை போகும். கடைசி வகை வேறு உலகம்; அதற்கான ட்ரெய்லரும் வேறு.

இன்னொன்று. இன்னும் சில ஆண்டுகளில் பெரிய வண்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அந்த வண்டியின் எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். ட்ரெய்லர் பல ஆண்டுகள் உழைக்கும். அதில் ஏறும் வண்டி அதற்குள் மாறிவிடும்.

3. இழுக்கும் வண்டியின் எல்லையைப் பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கையேட்டில் "இழுக்கும் திறன் 2,000 கிலோ" என்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது ஒரு எண். பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு.

முதலில், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒரு எல்லை, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு வேறு எல்லை. இரண்டாவது எண் பல கார்களில் மிகக் குறைவு. 750 கிலோவைத் தாண்டாத கார்கள் ஏராளம்.

அடுத்து, ஹிட்ச்சின் எல்லை. ட்ரெய்லரின் மூக்கு பூட்டும் இரும்பு உருண்டையைப் பால் (ball) என்பார்கள். வண்டி, ஹிட்ச், பால் பொருத்தும் கம்பி, பால் ஆகிய நான்கிலும் தனித்தனி எடை எல்லை பொறித்திருக்கும். நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. 2,500 கிலோ இழுக்கும் வண்டியில் 900 கிலோ தாங்கும் பாலைப் பொருத்தினால் உங்கள் எல்லை 900 கிலோதான்.

மூன்றாவது, பாலின் மேல் இறங்கும் எடை. ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை எவ்வளவு அழுத்துகிறதோ அதை மூக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். வட அமெரிக்காவில் இது மொத்த ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐரோப்பியக் கார்களில் அனுமதிக்கும் மூக்கு எடை குறைவு. பெரும்பாலும் 50 முதல் 100 கிலோ. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

இந்த மூக்கு எடை இழுக்கும் வண்டி சுமக்கும் சுமையில் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து பேர், கூடாரம், ஐஸ் பெட்டி என்று கார் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மூக்கு எடைக்கு மிச்சம் இருக்காது. ட்ரெய்லர் கணக்குச் சரியாக இருந்தும் காரின் பின்பக்கம் தரையைத் தொடுவது இதனால்தான்.

4. ட்ரெய்லரின் கணக்கைப் போடுங்கள்

ட்ரெய்லரின் தகட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: அதன் காலி எடை, அனுமதித்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. மொத்த எடையையே ஏற்றும் சுமை என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு. சில விற்பனையாளர்களும் அப்படியே பேசுவார்கள். தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வெற்று எடை 340 கிலோ உள்ள இரண்டு 4×4 வண்டிகள். பெட்ரோல், ஆயில், வின்ச் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் 385 கிலோ. இரண்டும் 770. கருவிப் பெட்டி, கூடுதல் பெட்ரோல் கேன், ஸ்டெப்னி, கட்டும் பட்டைகள் எல்லாம் ஒரு 60 கிலோ. ஆக 830 கிலோ சுமை. ட்ரெய்லரின் காலி எடை 400 என்றால் சாலையில் ஓடப்போவது 1,230 கிலோ.

இதற்கு 1,250 கிலோ ட்ரெய்லர் போதுமே என்று தோன்றும். வேண்டாம். 15 முதல் 20 சதவீதம் மிச்சம் வையுங்கள். 1,500 கிலோ அனுமதி உள்ளதைத் தேடுங்கள். திரும்பி வரும்போது வண்டி முழுக்கச் சேறு ஒட்டியிருக்கும். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது அச்சும் டயரும் தாங்கும் விசை, நின்றுகொண்டிருக்கும்போது இருப்பதை விட அதிகம். எப்போதும் எல்லையிலேயே ஓடும் ட்ரெய்லரில் பேரிங்கும் டயரும் சீக்கிரம் போகும்.

இதே கணக்கில் மூக்கு எடை 10 சதவீதம் என்றால் 123 கிலோ, 15 சதவீதம் என்றால் சுமார் 185 கிலோ. மூன்றாம் படியில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், ஒரு வண்டியை மட்டும் ஏற்றுவது என்று இப்போதே முடிவு செய்வது நல்லது.

5. பிரேக் வேண்டுமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகளில் அனுமதித்த மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் எல்லை 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. அங்கே 2,990 பவுண்டு என்று தகடு அடித்த ட்ரெய்லர்கள் நிறைய விற்பது இதனால்தான்; கீழே இருக்கும் அச்சு 3,500 பவுண்டு தாங்கக்கூடியதாக இருக்கும், தகடு மட்டும் எல்லைக்குக் கீழே நிற்கும்.

என் கருத்து: இரண்டு பெரிய ஏடிவி ஏற்றுவதாக இருந்தால் சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் உள்ளதையே வாங்குங்கள். இறக்கத்தில் ஒரு டன்னுக்கு மேல் பின்னாலிருந்து தள்ளும்போது காரின் பிரேக் தனியாக அதைத் தாங்குவது சுலபமல்ல.

பிரேக்கில் இரண்டு வகை. கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே தானாகப் பிடிப்பது ஒன்று. இதற்குக் காரில் எதுவும் பொருத்த வேண்டாம். மின்சார பிரேக் இன்னொன்று. இதற்குக் காருக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அதில்லாமல் மின்சார பிரேக் உள்ள ட்ரெய்லரை வாங்கினால், பிரேக் இருந்தும் இல்லாத கணக்குதான்.

6. தளத்தின் அளவை முடிவு செய்யுங்கள்

இப்போதுதான் நீளம், அகலம்.

பெரியவர்கள் ஓட்டும் ஏடிவி பொதுவாக 2 முதல் 2.2 மீட்டர் நீளமும், 1.15 முதல் 1.25 மீட்டர் அகலமும் இருக்கும். உங்கள் வண்டியை நீங்களே அளந்து பாருங்கள். அகலத்தை டயரின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். நீளத்தை அளக்கும்போது வின்ச், கம்பிக் காப்பு, பின் பெட்டி எல்லாம் சேரட்டும்.

ஒரு வண்டிக்கு 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம் உள்ள தளம், அதாவது 5 அடிக்கு 8 அடி, போதும். இரண்டு வண்டியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த 4.5 மீட்டர் வேண்டும். ஆனால் 2 மீட்டர் அகலம் உள்ள, பக்கவாட்டில் தடுப்பு இல்லாத தளத்தில் வண்டிகளைக் குறுக்காக நிறுத்தினால், ஒவ்வொன்றுக்கும் 1.3 மீட்டர் நீளம் போதும். சக்கரங்கள் தளத்துக்குள் நிற்கும், முன் பின் கம்பிகள் கொஞ்சம் வெளியே நீட்டும். 3.6 மீட்டர் தளத்தில் இரண்டு வண்டி தாராளமாக நிற்கும். 4.2 மீட்டர் என்றால் மூன்று. மொத்த அகலத்துக்கான சட்ட எல்லை பல நாடுகளில் 2.5 முதல் 2.6 மீட்டர், நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அதற்குள் இருக்கட்டும்.

சைடு-பை-சைடு வண்டி இருந்தால் அகலத்தை இரண்டு முறை பாருங்கள். 127 சென்டிமீட்டரில் தொடங்கி 183 சென்டிமீட்டர் வரை வருகின்றன. ட்ரெய்லரின் அகலம் என்று சொல்வது இரண்டு மட்கார்டுக்கு நடுவே உள்ள இடமா, வெளி அளவா என்று கேளுங்கள். நுழைவாயில் தளத்தை விட ஒடுக்கமாக இருக்கும் ட்ரெய்லர்களும் உண்டு.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்கலாமா? கொஞ்சம் பெரிது சரி. மிகச் சிறிய ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது நீளமானதை விடக் கஷ்டம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். குட்டை ட்ரெய்லர் சட்டென்று மடங்கிவிடும்.

7. எந்த வகை?

திறந்த தளம் உள்ளதே பெரும்பாலோருக்குச் சரி. எடை குறைவு, காற்று அதிகம் தடுக்காது, நாலு பக்கமும் நின்று கட்டலாம். வண்டி ஏற்றாத நாளில் விறகு, மண், பழைய அலமாரி எதுவும் ஏற்றலாம்.

மூடிய பெட்டி வகை மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் காக்கும். ஆனால் காலி எடை அதிகம், எதிர்க்காற்றில் பெட்ரோல் குடிக்கும், பக்கக் காற்றில் ஆட்டும். உள்ளே பெட்ரோல் ஆவி தேங்காமல் காற்றுத் துவாரம் இருக்க வேண்டும். கதவின் உயரத்தையும் அளக்க வேண்டும். கூரையின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்கி, வண்டியின் கண்ணாடி கதவில் இடிப்பது வழக்கமான கதை.

தளமே சாயும் வகையில் தனிச் சரிவுப் பலகை தேவையில்லை. நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் கீல், பூட்டு இரண்டையும் தவறாமல் கவனிக்க வேண்டும்.

இரும்பா, அலுமினியமா? அலுமினியம் இலேசு, துருப்பிடிக்காது, விலை கூடுதல். உங்கள் காரின் இழுக்கும் எல்லை குறைவாக இருந்தால் அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு. காலி எடையில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் சுமைக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்குத் துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பு நல்ல நடுவழி. வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு மலிவு, ஆனால் சேறும் உப்பும் படும் இடங்களில் வெல்டிங் ஓரங்களில் முதலில் துரு பிடிக்கும்.

8. ஏற்றும் சரிவைச் சோதியுங்கள்

தளம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் நீளச் சரிவுப் பலகை என்றால் சாய்வு 21 டிகிரிக்கு மேல். 2.1 மீட்டர் என்றால் 15 டிகிரி. இந்த வித்தியாசம் ஓட்டுபவருக்கு நன்றாகவே தெரியும். செங்குத்தான சரிவில் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழலாம். தரை இடைவெளி குறைந்த ஸ்போர்ட் வகை, சரிவு முடிந்து தளம் தொடங்கும் விளிம்பில் வயிறு உரசி மாட்டிக்கொள்ளும்.

தனியாகக் கழற்றி வைக்கும் பலகை என்றால் அதை ட்ரெய்லரோடு சங்கிலியாலோ பட்டையாலோ கட்டியே ஆக வேண்டும். பின் சக்கரம் ஏறும் நேரத்தில் பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளும்; விபத்துகள் நடப்பது அப்போதுதான்.

கதவே சரிவாக இறங்கும் வகை வசதி. வலைக் கம்பிக் கதவாகப் பாருங்கள், காற்று உள்ளே புகுந்து போகும்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் ட்ரெய்லர் காரோடு மாட்டியே இருக்கட்டும், காரின் கை பிரேக்கும் போட்டிருக்கட்டும். வண்டி பின் விளிம்பில் ஏறும்போது அந்த எடை ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கும். கனமான சைடு-பை-சைடு என்றால் காரின் பின்பக்கத்தையே தூக்கப் பார்க்கும். பின்னால் முட்டுக்கால் உள்ள ட்ரெய்லர் கிடைத்தால் விடாதீர்கள்.

9. அச்சு, ஸ்பிரிங், டயர்

ஒரு அச்சா, இரண்டா? இரண்டு ஏடிவி வரை ஒற்றை அச்சு போதும். விலையும் பராமரிப்பும் குறைவு, கையால் தள்ளித் திருப்பலாம். பெரிய சைடு-பை-சைடு, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் என்றால் இரட்டை அச்சு. நேராக ஓடும், ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்க நேரம் கிடைக்கும்.

லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆன ஸ்பிரிங், எளிது. உடைந்தால் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே ரப்பர் வைத்த ரப்பர் முறுக்கு அச்சு அதிராது, தளம் தாழ்வாக இருக்கும். ஆனால் தேய்ந்தால் பெரும்பாலும் அச்சையே மாற்ற வேண்டும்.

சக்கரம் சிறியதாக இருந்தால் அதே வேகத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும், பேரிங் சூடாகும். 8 அங்குலச் சக்கரம் பக்கத்து ஊருக்குச் சரி. தூரம் போகிறவர்கள் 13 அங்குலமோ அதற்கு மேலோ பார்க்கலாம்.

10. ஹிட்ச், சங்கிலி, மின் இணைப்பு

பாலின் அளவும், அதன் மேல் பூட்டும் ட்ரெய்லர் மூக்கின் கிண்ணமான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் என்று ஒரே அளவு. அமெரிக்காவில் 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5⁄16 அங்குலம் என்று மூன்று அளவுகள் பரவலாக உண்டு. ஆபத்து என்னவென்றால், 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பாலிலும் பூட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும். முதல் பெரிய குழியில் கழன்றுவிடும்.

மாட்டியபின் ட்ரெய்லர் ஜாக்கியால் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. கப்ளர் மட்டும் எழுந்தால் மறுபடி மாட்டுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி மேல் விழும்.

ட்ரெய்லர் சமமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மூக்கு எடை குறைந்து ஆட்டம் வரும். பால் பொருத்தும் கம்பி வெவ்வேறு உயரத்தில் கிடைக்கிறது, அதை மாற்றிச் சரிசெய்யலாம்.

விளக்கு எரியாவிட்டால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் கோளாறு இருக்கும்.

11. பழையது வாங்குவதாக இருந்தால்

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கீழே குனியுங்கள். இழுகம்பி சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா? புதிதாக அங்கே மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். மரப் பலகைத் தளமாக இருந்தால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது.

ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிடுங்கள். கரகர சத்தமோ, பிடித்து அசைத்தால் ஆட்டமோ இருந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று வயதாகிவிடும். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால், பள்ளம் ஆழமாக இருந்தாலும், புது டயர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

எடைத் தகடு இல்லாத ட்ரெய்லரை வாங்க வேண்டாம். வீட்டில் வெல்டிங் செய்ததாக இருக்கலாம், பதிவிலும் சிக்கல் வரும்.

12. ஏற்றி, சமன் செய்து, கட்டுங்கள்

சுமையில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். எடை பின்னால் போனால் ட்ரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஒரு வண்டி மட்டும் ஏற்றுபவர்கள் அதை அச்சுக்கு நேர் மேலேயோ பின்னாலோ நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மூக்கு எடையை வீட்டு எடை மெஷினிலேயே அளக்கலாம். ட்ரெய்லர் சமமட்டமாக நிற்கட்டும். ஒரு உறுதியான கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மீதும் மறுமுனையை மெஷின் மீதும் வைத்து, செங்கலிலிருந்து 30 சென்டிமீட்டர், மெஷினிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி மூக்கை இறக்குங்கள். மெஷின் காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. கட்டையின் எடையை மட்டும் முன்பே கழித்துவிடுங்கள். எண் சரியாக வந்ததும், டயர் நிற்கும் இடத்தைத் தளத்தில் பெயிண்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு பட்டைகள், நான்கு மூலைக்கு. சட்டத்தில் கட்டுங்கள், சாமான் கம்பியிலோ ஹாண்டில்பாரிலோ வேண்டாம், வளைந்துவிடும். பட்டையில் இரண்டு எண் இருக்கும்: அறுந்துபோகும் எடை, பயன்படுத்தக்கூடிய எடை. இரண்டாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். கணக்குக்கு அதையே எடுங்கள். சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் வரை இறுக்குங்கள். முழுக்க அமுக்கினால் குழியில் விழும்போது அதிர்ச்சி நேராகப் பட்டைக்கும் கொக்கிக்கும் போகும். ஏடிவியின் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பெட்ரோல் வால்வு இருந்தால் மூடிவிடுங்கள்.

13. முதல் ஓட்டம்

முதலில் காலியாக ஓட்டிப் பழகுங்கள், முக்கியமாக ரிவர்ஸ். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

பிறகு சுமையோடு. கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். வண்டி அமர்ந்து அவை தளர்ந்திருக்கும். சக்கர மையத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ, விடாமல் பிடித்திருக்கும் பிரேக்கோ காரணம்.

வழியில் வாலாட்டம் வந்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், முடுக்கவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். மின்சார பிரேக் இருந்தால் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகக் கொடுங்கள். நின்றதும் சுமையை முன்னால் நகர்த்தாமல் மறுபடி கிளம்ப வேண்டாம்.

புது ட்ரெய்லரோ, சக்கரம் கழற்றி மாட்டியதோ, முதல் 80 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபாருங்கள். அந்த ஸ்பேனரை ட்ரெய்லரின் கருவிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். காரின் ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்தாமல் போவது உண்டு, அது டயர் பஞ்சராகி நிற்கும் இடத்தில்தான் தெரியவரும்.